மச்சத்தைத் தொடாதே!
போட்டோ டச்சிங்: வாசகர் கேள்வி – பதில்

கும்பகோணத்தில் ஒரு ஸ்டூடியோவில் 1980-களில் எடுபிடியாகச் சேர்ந்தவன் நான். நெகட்டிவை வெளிச்சப் பலகையில் வைத்து, ஊசிபோலச் சீவிய பென்சிலால் முகத்துப் பருவை மறைப்பதுதான் முதலாளி கற்றுக்கொடுத்த முதல் வேலை. அதற்கு டச்சிங் என்று பெயர். பென்சில் போய் மவுஸ் வந்த பிறகும் எங்கள் ஊரில் பெயர் மாறவில்லை. இந்த முறை கடிதங்கள் கொஞ்சம் அதிகம். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது ஓடு பறந்து வீட்டுக்குள் மழை இறங்கியது. தாத்தா பாட்டியின் கல்யாணப் படம் ஃபிரேமுக்குள்ளேயே நனைந்து கண்ணாடியோடு ஒட்டிப்போயிருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படம். பாட்டியின் இடது கண் இருக்கும் இடத்தில் பழுப்புத் திட்டு. உரித்தெடுத்து ஸ்கேன் செய்து சரிபண்ண முடியுமா?
– ஒரு வாசகர், வேதாரண்யம்

உரிக்க வேண்டாம் ஐயா. இதை மட்டும் படித்துவிட்டு மீதியைப் படிக்காமல் விட்டாலும் சரி. போட்டோ தாளில் படம் இருப்பது ஜெலட்டின் என்ற மெல்லிய பூச்சில். தண்ணீர் பட்டால் அது ஊறவைத்த ஜவ்வரிசி மாதிரி ஊதும். காயும்போது எதன்மேல் படிந்திருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். இப்போது பாட்டியின் முகம் தாளில் பாதி, கண்ணாடியில் பாதி. இழுத்தால் இரண்டிலும் இருக்காது. ஹேர் டிரையரால் சூடேற்றினால் விட்டுவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி, இப்படி வந்த ஒரு படத்தை நானே கெடுத்திருக்கிறேன். விட்டது உண்மைதான், மூக்கும் வாயும் கண்ணாடியோடு போய்விட்டன. அந்தக் குடும்பத்திடம் வேறு படம் கிடையாது. காசு வாங்கவில்லை என்பதைத் தவிர நான் செய்த பிராயச்சித்தம் ஒன்றுமில்லை.

கண்ணாடியோடு சேர்த்தே நகல் எடுங்கள். பிரிண்டரோடு சேர்ந்து வரும் மலிவு ஸ்கேனர் இதற்கு ஆகாது. தாள் அதன் கண்ணாடியைத் தொட்டால்தான் அதற்குத் தெளிவாகத் தெரியும். நடுவில் உங்கள் ஃபிரேம் கண்ணாடி இரண்டு மூன்று மில்லிமீட்டர் வந்தால் மங்கிவிடும். கேமராவோ நல்ல செல்போனோ போதும். காலை வெயில் ஏறுவதற்குள், முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில் படத்தைச் சுவரில் சாய்த்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வையுங்கள். உங்களுக்கும் படத்துக்கும் நடுவில் கொடி கட்டி, கறுப்புத் துணி ஒன்றைத் தொங்கவிட்டு, லென்ஸ் அளவுக்கு மட்டும் ஓட்டை போட்டு அதன் வழியாக எடுங்கள். இல்லாவிட்டால் தாத்தாவின் சட்டையில் உங்கள் வீட்டுத் தென்னைமரம் தெரியும். கிட்டே போகாமல் நாலடி தள்ளி நின்று 2எக்ஸ் லென்ஸில் எடுத்தால் ஓரங்கள் வளையாது.

கம்ப்யூட்டரில் திறந்ததும் பிரஷ்ஷைத் தேடாதீர்கள். கம்ப்யூட்டர் ஒரு படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அடுக்காகத்தான் வைத்திருக்கிறது, அவற்றுக்கு சானல் என்று பெயர். முதலில் அந்த மூன்று சானலையும் தனித்தனியாகப் பாருங்கள். பழுப்புக் கறை நீலத்தில் கரிபோலத் தெரியும், சிவப்பில் பெரும்பாலும் காணாமலே போகும். அந்தச் சிவப்பு சானலை மட்டும் வைத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிட்டால் ஒரு நாள் வேலை பத்து நிமிடத்தில் முடிகிறது. கறை இல்லாமல் படமே வெளிறியிருந்தால் கதை தலைகீழ்: அப்போது நீல சானலில்தான் அழுத்தம் மிச்சமிருக்கும்.

அப்புறம் புதிதாக ஒரு லேயர் (படத்தின் மேல் விரித்த கண்ணாடித்தாள் மாதிரி) போட்டு, அதில் மட்டும் வேலை செய்யுங்கள். சுவர், திரை, புடவை என்று வெளியிலிருந்து உள்ளே வாருங்கள். முகத்துக்கு வரும்போது கை பழகியிருக்கும். பரந்த இடத்துக்கு ஹீலிங் பிரஷ், அது பக்கத்து இடத்தோடு கலந்து கறையை மறைக்கும். தலைமுடியும் நெற்றியும் சேரும் விளிம்பில் அது இரண்டையும் குழப்பி மை பூசிவிடும், அங்கே ஓரிடத்தை அப்படியே நகலெடுத்து ஒட்டும் குளோன் ஸ்டாம்ப்தான்.

சிவப்பு சானலிலும் பாட்டியின் இடது கண் கிடைக்காவிட்டால், வலது கண்ணை நகலெடுத்துத் திருப்பி ஒட்டுவார்கள். நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் அந்தக் காலத்து ஸ்டூடியோவில் பெரிய விளக்கு ஒரு பக்கம்தான் நிற்கும். கருவிழியில் அந்த விளக்கு ஒரு வெள்ளைப் புள்ளியாக விழுந்திருக்கும். திருப்பி ஒட்டினால் புள்ளியும் திரும்பிவிடும். ஒரு கண்ணில் மேலே இடப்புறம், மறு கண்ணில் மேலே வலப்புறம். பார்ப்பவர்களுக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் "பாட்டிக்கு மாறுகண்ணா?" என்று கேட்பார்கள். அந்தப் புள்ளியை அழித்துவிட்டு, நல்ல கண்ணில் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதே பக்கம் வையுங்கள். இமையையும் லேசாக மாற்றுங்கள். யாருக்கும் இரண்டு கண்ணும் ஒன்றுபோல இருப்பதில்லை.

அண்ணன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை 12க்கு 18 அங்குலத்தில் பிரிண்ட் போட்டேன். புகைமூட்டமாக இருக்கிறது. லேப்காரர் மேல் தவறா?
– ஒரு வாசகி, பாபநாசம்

லேப்காரர் பாவம். அண்ணனின் போன் எடுத்தது 4000க்கு 3000 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால், நான் பார்த்தவரை, நீளப் பக்கம் 1600 அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது லேப் கணக்கு. 1600-ஐ 300-ஆல் வகுத்தால் ஐந்தே கால் அங்குலம்தான் வரும். அதைப் பதினெட்டுக்கு இழுத்தால் புகை வராமல் என்ன செய்யும்? அண்ணனிடம் அதே படத்தை 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். அவர் போனில் இன்னும் இருக்க வேண்டும், அதுதான் கவலை.

எங்கள் அப்பா பட்டு நெய்கிறார். நான் போனில் படமெடுத்து விற்கிறேன். "படத்தில் இருந்த நிறம் இல்லை" என்று மூன்று புடவை திரும்பி வந்துவிட்டது. எந்த ஆப்பில் சரிசெய்வது?
– நெசவாளர் மகன், திருபுவனம்

தம்பி, ஆப்பை விடு. எங்கே வைத்து எடுக்கிறாய் என்று நீ எழுதவில்லை. நானே சொல்கிறேன்: தறி இருக்கும் அறையில், ஜன்னல் வெளிச்சமும் டியூப் லைட்டும் சேர்ந்த இடத்தில். ஜன்னல் பக்கம் நீலம், விளக்குப் பக்கம் பச்சையோ மஞ்சளோ. ஒரே புடவையில் இரண்டு வெளிச்சம் விழுந்தால் எந்த மென்பொருளும் இரண்டையும் ஒன்றாகச் சரிசெய்யாது. விளக்கை அணை. வெயில் நேராக விழாத ஜன்னல் பக்கம் விரித்து எடு.

வெளிச்சம் ஒன்றானதும் அதன் நிறத்தைக் கணினிக்குச் சொல்ல வேண்டும். புடவை ஓரத்தில் ஒரு சாம்பல் நிற அட்டை வைத்து முதல் படம் எடு. கேமரா கடையில் 'கிரே கார்டு' என்று கேட்டால் கொடுப்பார்கள். வெள்ளை வேட்டி போதுமே என்பாய். நம் வீட்டு வேட்டியில் சொட்டு நீலம் இருக்கிறது தம்பி! அதை வெள்ளை என்று நம்பி ஒயிட் பேலன்ஸ் (எது வெள்ளை என்று மென்பொருளுக்குச் சொல்வது) வைத்தால், அந்த நீலத்தை ஈடுகட்டப் படம் முழுக்க மஞ்சள் ஏறும். நோட்டுத் தாளிலும் பளிச்சென்று தெரிய ஏதோ சேர்த்திருப்பார்கள், அதுவும் நீலம் காட்டும். அட்டை கிடைக்காவிட்டால், குழாய் மரையில் சுற்றும் டெஃப்லான் டேப்பை ஒரு அட்டைத்துண்டில் ஏழெட்டுச் சுற்று தடிமனாகச் சுற்றி வை. வெள்ளைக்கு அது நேர்மையான சாட்சி. மென்பொருளில் ஒயிட் பேலன்ஸுக்கு இருக்கும் சொட்டுக்குழாய்க் குறியை அதன்மேல் வைத்து ஒரு தடவை அமுக்கு. அதே அமைப்பை அன்று எடுத்த எல்லாப் படத்துக்கும் ஒட்டு.

திரும்பி வந்த மூன்றில் ஒன்று மயில்கழுத்து என்று எழுதியிருக்கிறாய். அதற்கு டச்சிங் கிடையாது. பாவு (நீளவாட்டு நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கு நூல்) ஒரு நிறம். பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப நீலமும் பச்சையும் மாறி மாறி வருவதுதான் அதன் அழகு. ஒரே படம் அதில் ஒரு நொடியைத்தான் பிடிக்கும். நேராக ஒன்று, மடிப்பைத் திருப்பி ஒன்று, அப்பா கையில் பிடித்து அசைக்கிற பத்து விநாடி வீடியோ ஒன்று என்று மூன்றையும் அனுப்பு. வாங்குகிறவர்களுக்கு என்ன வாங்குகிறோம் என்று புரியும்.

ராணி பிங்க், குங்குமச் சிவப்பு இரண்டும் வேறு வகைத் தொல்லை. போன் தானாக வெளிச்சம் வைத்தால் சிவப்பு சானல் நிரம்பி வழிந்து, மடிப்புகள் மறைந்து பெயிண்ட் அடித்த தகரம் மாதிரி ஆகிவிடும். எடுக்கும்போதே திரையைத் தொட்டு வெளிச்சத்தை ஒரு படி இறக்கு. ஜரிகையும் அப்போதுதான் வெள்ளைக் கோடாகாமல் தங்கமாக நிற்கும். கடைசியாகச் சேமிக்கும்போது நிற அமைப்பு எஸ்ஆர்ஜிபி (பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவானது) என்று இருக்கிறதா பார். நிறத்தை அடர்த்தியாக்கும் 'சாச்சுரேஷன்' குமிழியைத் தொடவே தொடாதே. உன் புடவை திரும்பி வந்ததற்கு முக்கால்வாசிக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

பெரிய கோயில் விமானத்தை எப்படி எடுத்தாலும் பின்னால் சாய்கிறது. கூட்டத்தையும் நீக்க வேண்டும்.
– கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

216 அடியை அடியில் நின்று அண்ணாந்து எடுத்தால் சாயாமல் எப்படி? நந்தி மண்டபத்துக்கும் பின்னால் போய், போனை நிமிர்த்திப் பிடித்து எடுங்கள். மீதிச் சாய்வைப் பெர்ஸ்பெக்டிவ் கருவியில் நிமிர்த்தலாம். முழுக்க நிமிர்த்தினால் சிகரம் தலைவீங்கிய மாதிரி ஆகும், முக்கால் அளவோடு நிறுத்துங்கள். நிமிர்த்தும்போது இரண்டு ஓரமும் வெட்டுப்படும். எடுக்கும்போதே பக்கங்களில் இடம் விட்டிருக்க வேண்டும்.

கூட்டத்துக்கு: ஒரே இடத்தில் அசையாமல் நின்று பத்து விநாடிக்கு ஒன்றாகப் பதினைந்து படம் எடுங்கள். லேயர்களாக அடுக்கி, ஆள் இல்லாத துண்டுகள் மட்டும் தெரியும்படி மாஸ்க் (லேயரில் வேண்டாத இடத்தை மறைக்கும் திரை) போட்டுச் சேர்த்தால் வெறும் முற்றம் கிடைத்துவிடும். ஒரு தட்டில் ஆளை மறைக்கும் ஏஐ கருவியை இங்கே பயன்படுத்த வேண்டாம். கோயிலின் அடிப்பகுதி முழுக்க ராஜராஜன் காலக் கல்வெட்டு. ஆள் நின்ற இடத்தை அந்தக் கருவி 'எழுத்து மாதிரி' எதையோ போட்டு நிரப்பும். அப்படி ஒரு படம் என்னிடம் பிரிண்டுக்கு வந்தது. எழுத்துகள் பார்க்க அழகாக இருந்தன, எந்த மொழி என்றுதான் தெரியவில்லை. சிவப்புச் சட்டைக்காரர் ஒருவர் நின்றால் நிற்கட்டுமே. விமானம் எவ்வளவு பெரியது என்று அவரை வைத்துத்தான் தெரிகிறது.

கற்றுக்கொள்ள எந்த மென்பொருள்? போட்டோஷாப்புக்கு மாதம் மாதம் பணம் கட்ட முடியாது.
– ஒரு வாசகர், மயிலாடுதுறை

கிம்ப் இலவசம். போனில் என்றால் ஸ்னாப்சீட். லேயர், மாஸ்க், கர்வ்ஸ் (வெளிச்சத்தையும் நிழலையும் கூட்டிக் குறைப்பது), ஹீலிங் இந்த நான்கும் கைவந்தால் மீதி அலங்காரம். நான் 2002-இல் வந்த போட்டோஷாப் 7-இல் பழகினேன். ஹீலிங் பிரஷ் முதன்முதலில் வந்ததும் அதில்தான். அதைப் பார்த்த அன்று என் பென்சில் டப்பாவை எடுத்துப் பரணில் வைத்தேன்.

கல்யாணக் கரிஷ்மா ஆல்பம் (பக்கத்திலேயே படங்களை அச்சிட்ட புத்தகம்) வந்துவிட்டது. முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி, கை என் நிறத்தில். கன்னத்து மச்சத்தையும் காணோம். கேட்டால், "எல்லாரும் இப்படித்தான் விரும்புறாங்க" என்கிறார்கள். இனி ஏதாவது செய்ய முடியுமா?
– பெயர் வேண்டாம், மன்னார்குடி

அச்சான ஆல்பத்தை ஒன்றும் செய்ய முடியாதம்மா. ஆனால் கேமராவில் எடுத்த அசல் கோப்புகளைக் கேட்டு ஒரு ஹார்ட் டிஸ்கில் வாங்கிக்கொள்ளுங்கள், இன்றே. பல ஸ்டூடியோக்களில் இடமில்லை என்று கொஞ்ச நாளில் அழித்துவிடுகிறார்கள். அசல் இருந்தால் நாலு பக்கத்தையாவது மறுபடி செய்யலாம்.

எங்கள் தொழிலைப் பழித்துப் பேசும் முன் என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 90-களில் பெண் பார்க்க அனுப்பும் படங்களுக்கு நானும் ஒரு விளக்கு கூடுதலாகப் போட்டு வெளுத்திருக்கிறேன். அம்மாக்கள் கேட்பார்கள், செய்துவிடுவேன். இப்போது யாரும் கேட்காமலே செய்கிறார்கள், அதுதான் வித்தியாசம். தோலை வழவழப்பாக்கும் பிளக்இன் என்ற துணை மென்பொருளை நூறு சதவீதத்தில் தட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார்கள். கழுத்தும் கையும் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை.

நலங்கு மஞ்சள் பூசிய படங்களையும் பாருங்கள். 'ஆட்டோ கலர்' தட்டினால் மென்பொருள் மஞ்சளைப் பிழை என்று நினைத்து எடுத்துவிடும், முகம் ஊதாவாகத் தெரியும். உங்கள் ஆல்பத்தில் நலங்குப் பக்கம் அப்படித்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

முதலாளி எனக்குச் சொன்ன பாடம் இரண்டு வரிதான்: "பத்து நாள்ல ஆறிப்போறதை எடு. பொறந்ததுலேர்ந்து இருக்கிற மச்சத்தைத் தொடாதே." முதல் நாள் வந்த பரு, கொசுக்கடி, கண்ணீரில் வழிந்த மை இதெல்லாம் எடுக்கலாம். தோலுக்கு டச்சிங் போட்டால் தனி லேயரில் போட்டு, அதன் அழுத்தத்தை 30 சதவீதத்துக்குக் கீழே இறக்க வேண்டும். திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தால் எல்லாமே குறையாகத்தான் தெரியும். ஆல்பம் எந்த அளவோ அந்த அளவில் பார்த்து நிறுத்த வேண்டும். அடுத்து தங்கைக்குக் கல்யாணம் என்று எழுதியிருக்கிறீர்கள். முன்பணம் கொடுக்கும் முன்பே, "நிறத்தை மாற்றக் கூடாது, அச்சுக்கு முன் பக்கங்களைக் காட்ட வேண்டும்" என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

அப்பாவுக்குத் தலைத்திவசம் வருகிறது. அவருடைய ஒரே படம் கூட்டுறவுச் சங்க அட்டையில் ஒட்டிய ஸ்டாம்ப் சைஸ் படம், தோளில் ஊதா முத்திரையோடு. ஏஐ ஆப்பில் கொடுத்தேன். முத்திரை போய், படம் பெரிதாகி, பளிச்சென்று வந்தது. எனக்குத் திருப்தி. அம்மா மட்டும் "இதை மாட்ட வேண்டாம்" என்கிறார். காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை.
– ஒரு வாசகர், திருத்துறைப்பூண்டி

உங்கள் கடிதத்தைப் படித்ததும் 1987 வாக்கில் நடந்தது ஒன்று ஞாபகம் வந்தது. வலங்கைமான் பக்கத்திலிருந்து ஒரு பெரியம்மா, காலமான கணவர் படத்தைப் பெரிதாக்கக் கொண்டுவந்தார். அவர் முகம் முழுக்க அம்மைத் தழும்பு. முதலாளி ஊரில் இல்லை. என் கைவண்ணத்தைக் காட்ட நல்ல சமயம் என்று, மூன்று ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு குழியாகப் பென்சிலால் நிரப்பினேன். பிரிண்ட் பால் மாதிரி வந்தது. பெரியம்மா வந்து, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லா இருக்காரு தம்பி. யாரு இவரு?" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். படம் மாறிப்போய்விட்டது என்று நினைத்திருக்கிறார்.

அவ்வளவு சின்னப் படத்தில் கண்ணுக்கும் வாய்க்கும் நாலைந்து புள்ளிதான் இருக்கும். ஏஐ அதைத் தெளிவாக்குவதில்லை. எங்கெங்கோ பார்த்த ஆயிரம் முகங்களிலிருந்து இமை, பல், தோல் எல்லாவற்றையும் புதிதாக வரைகிறது. அந்த வாய் உங்கள் அப்பாவுடையது அல்ல. அம்மா சொல்வது சரி.

அட்டையை 1200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். படம் கறுப்பு வெள்ளை என்றால் முத்திரைக்கு ஏஐ வேண்டாம். வேதாரண்யத்துக்காரருக்குச் சொன்ன அதே சானல் வித்தைதான்: ஊதா மை நீல சானலில் வெளிறிப்போகும், மிச்சத்தை ஹீலிங் பார்த்துக்கொள்ளும். ஏஐ படத்தை வீணாக்கவும் வேண்டாம். அதை மேல் லேயராக வைத்து, கண், மூக்கு, வாய், காது இருக்கும் இடத்தில் மாஸ்க் போட்டு நீக்கிவிடுங்கள். சட்டை, தலைமுடி, பின்னணியில் மட்டும் மெல்லிசாக இருக்கட்டும். முகம் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். 12க்கு 18 ஆசையை விட்டுவிட்டு 5க்கு 7 போட்டு, சுற்றிலும் மூன்று அங்குலம் வெள்ளை மவுண்ட் அட்டை வைத்து ஃபிரேம் செய்யுங்கள். சுவரில் பெரிதாகவே தெரியும்.

மாட்டுவதற்கு முன் அம்மாவிடம் காட்டுங்கள். திரையில் காட்டாதீர்கள், பிரிண்ட் போட்டுக் கையில் கொடுங்கள். அப்பா என்று சொல்லாமல் கொடுங்கள்.